ஒன்றேகால் அடி

ஜனவரி 3, வெள்ளி

ஏதோ ஒரு வங்கியில் குற்றாலலிங்கம் சாருக்குக் கொடுத்த டைரி இது. அவருக்கு ஏழெட்டு வந்ததாம். ஒன்றை என் மகள் செண்பகத்திடம் தள்ளிவிட்டார். அவள் என்னிடம் தள்ளிவிட்டாள்.

"பொழுதுக்கும் என்னைய ஏசுதேல்லா, அத இதுல எழுதும்மா. எனக்குக் காதாவது மிஞ்சும்."

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் என்ன? பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடம் மாவு மில் நடத்தினேன். கரண்டு ஆபீசுக்கும் கார்ப்பரேஷனுக்கும் மனு எழுதியது நான்தான், வேறு யாரும் இல்லை.

செண்பகம் பி.இ. சிவில். பதினேழு வருடம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினாள். தெருவே அவளை மேடம் என்றுதான் கூப்பிடும். போன ஜூனில் கல்லூரியையே இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது நாற்பத்தாறு வயதில் மதிப்பீட்டாளர் ஆகப் போகிறாளாம். கடன் கேட்டு வருகிறவர்களின் வீடும் மனையும் என்ன விலை போகும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. டிசம்பரில் எழுதி மூன்று மார்க்கில் போயிற்று. தப்பாக எழுதினால் வாங்கின மார்க்கையும் பிடுங்கிக்கொள்வார்களாம். இது எந்த ஊர் நியாயமோ. மறுபடி மார்ச்சில் எழுத வேண்டும்.

அதுவரை குற்றாலலிங்கம் சாரிடம் வேலை பழகுகிறாள். அவருக்கு இந்தத் தொழிலில் முப்பது வருடம். இவள் வெயிலில் நின்று அளப்பாள், அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். பேத்தி யாழினி கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அவள் படிப்பு முடிய வேண்டும். மருமகன் போன கதையை இதில் எழுதுவதாக இல்லை.

மேடமாக இருந்தவள் தொப்பியும் டேப்புமாகப் படியிறங்குகிறாள். கேட்கிறவர்களிடம் "ஆபீசுக்குப் போறா" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

சிலிண்டர் வரவில்லை. இரண்டு தடவை போன் பண்ணினேன். வண்டி கிளம்பிவிட்டது என்கிறான். எங்கிருந்து கிளம்பியது, காசியிலிருந்தா?

பக்கத்து வீட்டு எஸ்தர் என் காம்பவுண்டுச் சுவர்மேல் பாயை உலர்த்தியிருந்தாள். அவள் ரிட்டையர்டு நர்ஸ். எனக்கு எட்டு வருடம் கழித்து வீடு கட்டினாள். கட்டும்போது மூன்று பக்கம்தான் சுவர் எழுப்பினாள். நாலாவது பக்கத்துக்கு என் சுவர் இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டாள். முப்பது வருடமாக வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிக் காட்டுகிறேன்.

"ஒரு செங்கல்லு வச்சதில்ல. பாய மட்டும் மகாராணி மாதிரி விரிச்சிருக்கா" என்றேன், அவள் காதில் விழும்படி.

"உங்க சுவருதான் நல்லா காயுது ஆவுடையக்கா" என்றாள் அங்கிருந்து. அவளுக்குச் சூடும் கிடையாது, சொரணையும் கிடையாது.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லை. பழக்கத்துக்காக அவரவர் சொந்த வீட்டுக்கே ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு வரச் சொன்னாராம் சார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, எஸ்தர் வீட்டுப் பக்கச் சுவரில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். அவள் மேற்குச் சுவருக்குப் போனாள். தெருப்பக்கத்து அகலம் முப்பத்தொன்றேகால் அடி வந்தது.

"பத்திரத்துல முப்பதுதானம்மா இருக்கு?"

"டேப்பு தொஞ்சு கெடக்கும்."

"அதுக்காக ஒன்றேகால் அடியா தொய்யும்?"

"அப்ப நீ சரியாப் பாக்கல. இன்னொருக்க அள."

இரண்டாவது முறை நான் கவனமாகப் பிடித்தேன். அந்த மூலையில் அரளி அடர்ந்து கிடக்கிறது, மேற்கே இருந்து பார்த்தால் என் கை தெரியாது. சரியாக முப்பது வந்தது. செண்பகம் முதலில் எழுதியதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினாள். "பதினேழு வருசம் பிள்ளைகளுக்கு சர்வே சொல்லிக்குடுத்தேன். எனக்கு ஒரு டேப்பப் பாக்கத் தெரியல" என்றாள்.

எழுதி முடித்ததை ராத்திரி படித்துக் காட்டினாள். கட்டடத்தின் வயது 39. மீதி ஆயுள் 21 வருடம்.

"என்னது, ஆயுளா? யாரு குறிச்சது?"

"கணக்கும்மா. இந்த மாதிரிக் கட்டடத்துக்கு அறுபது வருசம் போடுவாங்க. முப்பத்தொம்பதக் கழிச்சாச்சு."

ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கினவள் நான். தண்ணீர் ஊற்றி ஊற்றியே என் இடுப்பு போயிற்று. அந்த வீட்டுக்குத் தேய்மானம் என்று ஒரு வரி போட்டு லட்சக் கணக்கில் கழித்திருக்கிறாள். அவளை ஏசினேன். சோறும் இறங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். யாழினிக்கு லீவு இல்லை. பால் பொங்கி வடக்கே வழிந்தது.

ஜனவரி 20, திங்கள்

மேலப்பாளையத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள். முகம் கருத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய காலண்டர் மாட்டியிருந்தாராம். போன வருடத்துக் காலண்டர். இவள் தூக்கிப் பார்த்திருக்கிறாள். பின்னால் கை நுழைகிற அளவுக்கு விரிசல்.

"அடுத்தவன் வீட்டுக் காலண்டரத் தூக்கிப் பாக்கது ஒரு வேலையாட்டீ?"

"அதாம்மா வேலையே."

"அவன் கௌரவம் என்னாகும்?"

"வீட்டுக்கு வெல போடத்தான் என்னைய அனுப்புதாவ. கௌரவத்துக்கு எங்கிட்ட டேப்பு இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னென்று சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எஸ்தர் வந்தாள். கையில் கேக் வேறு. அவள் மகள் பியூலாவுக்குப் புருஷனோடு ஒத்துவரவில்லையாம், பிள்ளையோடு திரும்பி வருகிறாளாம். மாடி எடுக்க வேண்டும். வீட்டை வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறாள்.

"குற்றாலலிங்கம் சாருகிட்டதான் அனுப்பியிருக்காங்களாம் அக்கா. நம்ம செண்பகம்தான் வந்து அளக்கும்னு நெனக்கேன்."

"மாடி எதுக்கு ஒனக்கு? படியேற ஒன் முட்டு தாங்குமா? கீழயே ஒரு ரூம்பத் தடுத்துக் குடுக்க வேண்டியதுதான?"

"கீழ எங்கக்கா எடம் இருக்கு? எடம் பத்தலன்னுதான மேல போறேன்."

அவள் போன பிறகு செண்பகத்திடம் சொன்னேன்: "நீ போவாத. பக்கத்து வீடு, நாளைக்கு ஒண்ணுன்னா மொகத்துல முழிக்கணும்."

"சாரும் சொந்தமான்னு கேட்டாவம்மா. சொந்தமில்லன்னேன். அப்பப் போயி அளந்துட்டு வான்னுட்டாவ."

கேக்கில் திராட்சை அதிகம். எனக்கு ஆகாது.

பிப்ரவரி 6, வியாழன்

எஸ்தர் வீட்டை அளந்தாள். மறுமுனையை எஸ்தர் பிடித்தாளாம். பத்திரத்தில் முப்பது. மூன்று தடவை அளந்தும் இருபத்தெட்டே முக்கால்தான் வந்ததாம். வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காபியை ஆறவிட்டாள்.

"அங்க ஒன்றேகால் கொறையுது. இங்க மொத தடவை அளந்தப்ப ஒன்றேகால் கூடிச்சு."

நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்தேன்.

அடுப்படிக்கே வந்து நின்றாள். "அம்மா, நம்ம சுவரு எல்லக்கல்லு மேலதான இருக்கு?"

"உங்கப்பா பக்கத்துல நின்னு கட்டுனது. செத்தவர சந்தேகப்படுதியா?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அப்பா என்றால் அவளுக்கு உயிர். பிறகு நானே சொன்னேன்: "பத்திரத்துல என்ன இருக்கோ அத எழுது. சர்க்கார் முத்திர போட்டதவிட ஒன் டேப்பு பெருசா?"

"ரெண்டுல எது கொறவோ அதத்தான் எழுதணும். அதான் முறை."

"நீதான் இங்க தப்பா அளந்தேல்லா. அங்க மட்டும் சரியா அளந்திருப்பேன்னு என்ன நிச்சயம்?"

கடைசியில் முப்பது என்று எழுதி அனுப்பினாள்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போகலாம் என்று இருந்தேன், முழங்கால் விடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வங்கியிலிருந்து ஒரு ஆபீசர் எஸ்தர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பையன்தான். கையில் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி, ஒரு சுவரில் வைத்து அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது. டேப்பு வேண்டாம், பிடிக்க ஆளும் வேண்டாம். மாடியில் வடகம் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு என் சுவரையே பார்த்தபடி நின்றார். வடகத்துக்கு வெயில் போதவில்லை என்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

பதினோரு மணிக்கே செண்பகம் திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள்.

குற்றாலலிங்கம் சார் ஆபீசில் எல்லார் முன்னாலும் ஏசினாராம். "நீ அந்த வீட்ட அளக்கவே இல்ல. பக்கத்து வீடுங்கதால காப்பியக் குடிச்சிட்டு, பத்திரத்தப் பாத்துக் காப்பியடிச்சிட்டு வந்துட்ட. முப்பது வருசத்துல என் கையெழுத்துக்கு பேங்குலருந்து இப்பிடி ஒரு லெட்டர் வந்ததில்ல." அளந்தேன் சார் என்று இவள் சொன்னாளாம். அப்படியானால் என்ன வந்தது என்று கேட்டாராம். இருபத்தெட்டே முக்கால் என்றாளாம். அப்படியானால் முப்பது என்று ஏன் எழுதினாய் என்றாராம்.

"என்ன சொன்ன?"

"என் அளவு மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார்னு சொன்னேன்."

"கோட்டி, புத்தி கெட்டுப்போச்சா? அப்பிடியா சொல்லுவாவ?"

"நெசத்த வேற எப்பிடிம்மா சொல்லுவாவ?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். எஸ்தருடைய மனுவும் திரும்பிவிட்டது. இடத்தில் குறை இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சைப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினாள். "ஒரு வீட்ட அளக்கத் தெரியாதவளுக்குப் பரீட்ச என்னத்துக்கு?"

பிப்ரவரி 20, வியாழன்

சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். அவள் அப்படியே பிசைந்து சாப்பிட்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் யாருக்கோ போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன் வேலை. ராத்திரியும் அங்கேதான் தங்க வேண்டுமாம். "தங்கிக்கிடுதேன் மேடம்" என்றாள். என் மகள் இன்னொருத்தியை மேடம் என்றாள்.

இதை எழுதாமல் இந்தப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

86ஆம் வருடம், வைகாசி மாதம். கிழக்கே எல்லாம் காலி மனை. அதன் சொந்தக்காரர் பம்பாயில் இருந்தார், ஆளையே யாரும் பார்த்ததில்லை. கொத்தனார் கயிறு கட்டினபோது பக்கத்துச் சந்து ஒன்றே முக்கால் அடிதான் வந்தது. பின்கட்டில் போட இருந்த மில்லுக்கு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் அதில் போக முடியாது. கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னேன். செண்பகத்தின் அப்பா வேண்டாம் என்றார். "நம்மளுது இல்லாத எடத்துல நம்ம சுவரு எதுக்கு ஆவுடை?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. புல் முளைத்துக் கிடக்கிற மண், ஒன்றேகால் அடியில் யார் குடி முழுகப் போகிறது? மறுநாள் அவர் வேலையாக வெளியூர் போன பிறகு எல்லைக்கல்லை நானே கடப்பாரையால் நெம்பினேன். ஐந்து அடிக்கு மேலே சுவர் எழுந்த பிறகுதான் அவர் பார்த்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். சுவரைப் பற்றி மட்டும் சாகிறவரை பேசவே இல்லை.

அந்தக் குற்றத்தைத்தான் அடுப்படியில் நின்றுகொண்டு அவர் தலையில் ஏற்றினேன்.

அரளிச் செடிக்குப் பின்னால் டேப்பை எங்கே வைத்துப் பிடித்தேன் என்பதையும் எழுத வேண்டும். சுவரிலிருந்து ஒன்றேகால் அடி உள்ளே தள்ளி. எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா என்ன.

பிப்ரவரி 24, திங்கள்

செண்பகத்திடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். குற்றாலலிங்கம் சார் ஆபீஸ் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் கட்டடத்தில் குறை சொல்கிறவர்.

"மகளுக்காகப் பேச வந்தீங்களாம்மா? மன்னிச்சுக்கோங்க. பொய் ரிப்போர்ட்டு குடுத்த ஆள நான் வச்சிக்க முடியாது."

"அவ சரியாத்தான் அளந்தா. பொய் நான் சொன்னது."

எல்லாவற்றையும் சொன்னேன். கல், கயிறு, அரளி, எதையும் விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முப்பத்தொம்பது வருசம் ஆயிட்டே. எங்க அனுபவத்துல இருக்கற எடம் எங்களுக்கேன்னு ஒரு வக்கீல வச்சு வாதாடலாம், தெரியுமா?"

அது எனக்குத் தெரியாது. பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் ஏறியிருப்பேனா? யோசித்துப் பார்க்க விருப்பமில்லை.

"எனக்கு வக்கீல் வேண்டாம். நீங்க எம்பிள்ளைய ஏசுனது தப்புன்னு ஒத்துக்கணும்."

"அதெப்படிம்மா ஒத்துக்க? இருபத்தெட்டே முக்கால்னு அளந்துட்டு முப்பதுன்னு எழுதுனதும் தப்புதான. பெத்த தாயே சொன்னாலும் கண்ணால பாத்தத எழுதணும். அதுக்குத்தான இந்தத் தொழிலு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். படியிறங்கப் போனவளைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தார். "இப்பச் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வங்கிக்கு நான் பதில் எழுதணும். அவள நாளைக்கு வரச் சொல்லுங்க. ஏசத்தான் செய்வேன். ஆனா அளக்கலன்னு ஏச மாட்டேன்."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஆவுடையம்மாள் என்று முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

செண்பகத்திடம் சொன்னேன். கத்துவாள் என்று இருந்தேன். கத்தவில்லை.

"அப்பா நின்னு கட்டுனதுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அளவு தப்பு, என் கண்ணு தப்புன்னு சொன்ன. நானும் நம்புனேன். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட எழுதுன விடைய அடிச்சு அடிச்சு மாத்திக்கிட்டிருந்தேன், தெரியுமா?"

தெரியாது. எப்படித் தெரியும்? அவள் சொன்னால்தானே.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. நான் முடித்த பிறகு கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்தில் கூட்டினாள்.

"முப்பது வருசமா ஒரு செங்கல்லு வைக்கலன்னு சொன்னீங்களே ஆவுடையக்கா."

"சொன்னேன்."

"எம் மாமியாரு சாகக் கெடக்கும்போதுகூட வாசல்ல நின்னு சொன்னீங்க."

அது எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

"இப்ப வைக்கேன். நீங்க ஒங்க சுவர எடுங்க. கல்லு இருந்த எடத்துல நான் என் சுவர வைக்கேன். பியூலா வாரதுக்குள்ள கடன் வரணும்."

"சந்து குறுகிப் போவும். மூட்டை நுழையாது."

"மில்லு மூடி பத்து வருசம் ஆச்சுல்லக்கா. என்ன மூட்ட?"

எழுந்து வந்துவிட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

செண்பகம் வேலைக்குப் போகிறாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருக்கிறாள். என்னோடு பேசுவது மூன்றே வார்த்தை: போறேன், வந்துட்டேன், சாப்பிட்டாச்சு.

மார்ச் 4, செவ்வாய்

சுவர் இடிக்க ஆட்கள் வந்தார்கள். கூலி என் பொறுப்பு. ஒரே காலையில் முடிந்துவிட்டது. அவ்வளவு லேசாக விழும் என்று நான் நினைக்கவில்லை. தட்டிப் பார்த்து வாங்கின செங்கல் எல்லாம் உதிர்ந்து மண்ணாகக் கிடந்தது. மீதி ஆயுள் இருபத்தொன்று என்று இவள் எழுதியது கொஞ்சம் தாராளம்தான் போலிருக்கிறது.

இடையில் ஒன்றும் இல்லாமல் எஸ்தர் வீட்டு அடுப்படி நேரே தெரிகிறது. அவளுக்கு என் அடுப்படி தெரியும். இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பாமல் சமைக்கிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குப் பரீட்சை. மதுரையில். நான்கு மணிக்கே எழுந்து இட்லி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "அடிச்சு மாத்தாதட்டீ. மொதல்ல தோணுனதே எழுது" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். சொன்னது தப்போ? எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் தப்பாகத்தான் ஆகிறது.

மதியம் இரண்டு மணி: போன் இல்லை.

மூன்றரை: போன் இல்லை. எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரே மார்க்கைக் காட்டிவிடுமாம். அப்படியென்றால் தோற்றிருப்பாள்.

நாலே முக்கால்: யாழினி கூப்பிட்டாள். "ஆச்சி! அம்மா பாஸ்! ஒங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ராத்திரி வந்தவள் நேரே படுத்துவிட்டாள். காலையில் நானாகப் போய்க் கேட்டேன்.

"பாஸாமே."

"ஆமா."

"எவ்வளவு?"

"எழுவத்தொண்ணு."

"மொதல்ல தோணுனதத்தான எழுதுன?"

இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லு. வேற எங்கயாவது கல்ல நகட்டியிருக்கியா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுபது வயதுக்காரி, ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், சுவரை இடித்துக்கொடுத்தவள். என்னிடம் இப்படி ஒரு கேள்வி.

"இல்ல" என்றேன். சத்தியமாக இல்லை. மேற்கே செட்டியார் வீட்டுச் சுவர் எங்களுக்கு முந்தியது. வடக்கே பின்பக்கம் அவரே நின்று கட்டினார். அங்கே ஒரு அங்குலம்கூட நான் தொடவில்லை.

"சரிம்மா" என்றாள்.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.